மாஸ்டர் மூக்கில் பழகிய கை

மேக்கப் வகுப்பில் மொத்தம் பதினேழு பேர். அதில் பதினாறு பேரின் வயதைக் கூட்டி வகுத்தால் இருபத்தொன்று வரும். பதினேழாவது ஆளுக்கு நாற்பத்திரண்டு.

அந்தப் பதினேழாவது ஆள் முதல் நாள் உள்ளே நுழைந்ததும் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஆசிரியை என்று நினைத்துவிட்டார்கள். "உட்காருங்கம்மா, நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்று அவர் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. அதோடு அவருக்கு 'அக்கா' என்று பெயர் விழுந்தது. யாரோ ஒருத்தி 'ஆன்ட்டி' என்று ஆரம்பித்ததை, பக்கத்திலிருந்த சுருட்டை முடிக்காரி இடுப்பில் கிள்ளி நிறுத்தியது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த முடிக்காக அவளுக்கு வகுப்பில் பெயரே சுருட்டை.

அக்காவுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போன், எதிரில் ஒரு தடுப்புப் பலகை. மெஷின் ஆடுகிறது, அலறுகிறது, குளியலறையை விட்டு நடந்து வெளியே வருகிறது, சட்டையைத் தின்றுவிட்டுப் பொத்தானை மட்டும் துப்புகிறது என்று ஊரே கூப்பிடும். எல்லாவற்றுக்கும் அக்கா மன்னிப்புக் கேட்பார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதில் அந்த மாடியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் தன்னைத் திட்டிய ஒரு முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், மணப்பெண் அறையில் அழுதுகொண்டிருந்தாள். என்ன காரணம் என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குச் சமாதானம் சொல்லி அழுகையை இன்னும் கிளப்பிவிட்டார்கள். மேக்கப் போட வந்த பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே விரலால் மணப்பெண்ணின் தாடையை லேசாக நிமிர்த்தினாள். அழுகை நின்றுவிட்டது. வாயே திறக்காமல் ஒருத்தியைச் சமாதானப்படுத்த முடியும் என்பதை அக்கா அன்றுதான் பார்த்தார். அடுத்த வாரமே சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

ஆறு மாத வகுப்பின் கடைசி மாதத்தில் ராஜினாமாவையும் கொடுத்துவிட்டார். மேலாளர் அதை வாங்கி மேசை டிராயரில் போட்டார்.

"பரீட்சை எப்ப?"

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சார்."

"அதுக்கப்புறம் வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் இது இங்கயே கிடக்கட்டும். பாஸானீங்கன்னா மேல அனுப்புறேன். இல்லன்னா கிழிச்சுப் போட்டுட்டு, நாம பழையபடி மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருப்போம்."

நல்ல மனுஷன்தான். ஆனால் 'பழையபடி' என்ற சொல் மட்டும் அக்காவின் காதிலேயே நின்றுவிட்டது. பாஸானால் வெளியே, பெயிலானால் ஹெட்போன். நடுவில் வேறு வழி கிடையாது.

வகுப்பில் பயிற்சி ஜோடி ஜோடியாக நடக்கும். இவள் அவள் முகத்தில் போட, அவள் இவள் முகத்தில் போடுவாள். பதினாறு பெண்களும் முதல் நாளே கை கோத்து ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சிய அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் தலை கிடைத்தது. வழுக்கை, புருவம் கிடையாது, பூசிய கலவையெல்லாம் வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு வந்துவிடும். அக்கா அதனோடும் அலுவலகக் குரலிலேயே பேசினார்.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கோங்க. உங்கள் பொறுமைக்கு நன்றி."

"அக்கா, அது மூடாதுக்கா" என்றாள் பக்கத்து நாற்காலி சுருட்டை.

"தெரியும். கேட்டுட்டுச் செய்யறது மரியாதை."

வகுப்பு எடுக்கும் மேடம் ஒவ்வொரு வாரமும் முடிக்கும்போது ஒரே பல்லவியைப் பாடுவார். "வீட்ல போய்ப் பழகுங்க. ஒரே முகத்துல பழகாதீங்க, பல முகத்துல பழகுங்க. பரீட்சை அன்னிக்கு நீங்க கூட்டிட்டு வர்ற மாடல் உங்களுக்குக் கிடையாது. பக்கத்து ஆளோட மாத்திடுவேன்." அக்கா தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் முகம் தேடினார்.

முதலில் மகள். கல்லூரியில் கணக்கியல் படிக்கிறவள். ஒரே ஒரு தடவை முகத்தைக் கொடுத்தாள், அதுவும் வகுப்பு குரூப் போட்டோ எடுக்கும் நாளில். அந்த போட்டோவில் நாற்பது பேர் சிரிக்கிறார்கள், ஒருத்தி மட்டும் இரண்டு கன்னத்திலும் அறை வாங்கியவள்போல் நிற்கிறாள். அன்றிலிருந்து அம்மா பிரஷ்ஷோடு வருவது தெரிந்தால் அவள் அறைக் கதவில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். அடுத்தது மாடி வீட்டு அம்மா. ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "இது எப்பப் போகும்?" என்றார். அப்புறம் அவர் மாடிப்படி இறங்கும் நேரமே மாறிவிட்டது.

கடைசியில் மாட்டியவர் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மாணவர்கள் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் தெருவிலும் அதுவே பெயராகிவிட்டது. வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவர் பிழைப்பு. அந்தப் பொறுமை வேறு யாருக்கு வரும்? தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், ஜன்னலோர நாற்காலியில் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உதட்டுப் பாடம் வந்தபோது மீசை இடைஞ்சல் என்றார் அக்கா. எடுத்துவிட்டார். இருபது வருட மீசை.

"மேலுதடு எங்கடா இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார் மாஸ்டர், கண்ணாடியைப் பார்த்து.

அவர் முகத்தில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஒன்று கண். பென்சில் இமைக்குப் பக்கத்தில் வந்தாலே அவர் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். கற்றுக்கொடுக்கும் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, அந்தப் பழக்கம். காலோடு சேர்ந்து இமையும் துடிக்கும். துடிக்கிற இமையில் கோடு போடுவது ஓடுகிற பஸ்ஸில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அக்கா விடவில்லை. அவர் மிதிக்கும் நொடியை எதிர்பார்த்து, கையை எடுத்து, அவர் மூச்சு விட்டதும் வைத்து, கோட்டை இழுக்கக் கற்றுக்கொண்டார்.

இரண்டாவது சிக்கல் மூக்கு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவர், நிறுத்து என்றதும் உடம்பின் மொத்த எடையையும் பிரேக்கில் இறக்கிவிட்டார். கார் நின்றது, மாஸ்டர் நிற்கவில்லை. அன்று முன்பலகையில் மோதிய மூக்கு, பாதி தூரம் நேராக வந்து அங்கிருந்து இடப்பக்கம் சாயும். மேக்கப்பில் இதற்கு வைத்தியம் உண்டு. சாய்ந்த பக்கம் நிழல் கூடுதலாகப் போட வேண்டும், எதிர்ப் பக்கம் பேருக்குத் தீற்றினால் போதும், நடுவே எலும்பு போகிற வழியைப் பார்க்காமல் நேராக ஒரு வெளிச்சக் கோடு இழுத்துவிட வேண்டும். பார்க்கிறவர் கண் கோட்டை நம்பி, சாய்வை மறந்துவிடும். இது கைவர அக்காவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. கைவந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு போடுவார்.

ஒரு நாள் முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் மணப்பெண் அலங்காரம், மறுபாதி வெறும் முகம் என்று பாடம். பாதி முடிந்த நேரத்தில் அழைப்பு மணி அடிக்க, மாஸ்டர் பழக்க தோஷத்தில் போய்க் கதவைத் திறந்துவிட்டார். தண்ணீர் கேன் போடுகிறவர் முதலில் வலப்பக்கத்தைப் பார்த்து "வணக்கம் மாஸ்டர்" என்றார். மாஸ்டர் முகத்தைத் திருப்பியதும் இடப்பக்கத்தைப் பார்த்து "வணக்கம்மா" என்றார். பிறகு அவராகவே இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அதற்கப்புறம் கேன் தெருமுனையிலேயே இறங்கியது. மாஸ்டர் போய்த் தூக்கிவர வேண்டியதாயிற்று.

"ஒரே ஆளுக்கே போட்டுட்டு இருக்கியேம்மா, மேடம் பல முகம்னு சொன்னாங்கன்னு சொன்னியே?" என்று மகள் ஒரு நாள் கதவிடுக்கு வழியாகக் கேட்டாள்.

"பல முகம் போட்டாச்சுடி. மணப்பெண் போட்டேன், நியூஸ் வாசிக்கிறவங்க போட்டேன், கிழவி போட்டேன், போன வாரம் ராணி போட்டேன்."

"எல்லாம் அப்பா மூஞ்சியிலதானே?"

"மூஞ்சி ஒண்ணா இருந்தா என்ன? முகம் வேற வேற."

மாஸ்டர் இதற்குள் கண்ணை மூடியபடியே, "ராணி கொஞ்சம் நல்லா வந்துச்சு" என்றார்.

பரீட்சை அன்று ஒரு பெண் காய்ச்சலென்று வரவில்லை. ஆக பதினாறு பேர், பதினாறு மாடல்கள். மாடல்களில் பதினைந்து பேர் அம்மா, தங்கை, சித்தி, தோழி என்று பெண்கள். பதினாறாவதாக, வேலைக்குப் போட்டுப்போகும் அரைக்கைச் சட்டையில், கழுத்தில் சொந்தத் துண்டோடு மாஸ்டர். அவரைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கோ வெட்கமே இல்லை. மற்ற மாடல்களுக்குப் புத்திமதி வேறு: "கண்ணுகிட்ட வரும்போது மூச்சை வெளிய விடுங்கம்மா. பிடிச்சு வெச்சா துடிக்கும்."

மேடம் கையைத் தட்டினார். "பக்கத்து ஆளோட மாடலை மாத்திக்கோங்க."

அக்காவின் பக்கத்து நாற்காலி சுருட்டை. மாஸ்டர் எழுந்து அங்கே போனார். சுருட்டை கூட்டிவந்த அவளுடைய சித்தி இங்கே வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், நிமிர்ந்த ஆள், முகத்தில் மூக்கு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: "எங்க குடும்பத்துல கண்ணெல்லாம் சுமார்தான். மூக்குதான் சொத்து. பார்த்துப் போடுங்க."

"கண்டிப்பா மேடம். உங்கள் நம்பிக்கைக்கு நன்றி" என்றார் அக்கா.

மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். தினமும் டிவியில் செய்தி வாசிப்பவர்களின் முகத்தைத் தயார் செய்கிறவர். குட்டையான பெண்மணி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. "ஒன்றரை மணி நேரம். மாடல்கள் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு உலாவ ஆரம்பித்தார்.

அக்கா முதலில் சித்தியின் கண்களை எடுத்துக்கொண்டார். துடிக்காத இமையை அவர் கை பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் தொடுகிறது. கல்லும் குழியுமான பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. இரண்டு கண்ணும் அவ்வளவு சுத்தமாக அமைந்தன. அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கன்னம், புருவம் எல்லாம் வேகமாக ஓடின. மூக்குக்கு வந்தபோதுதான் பக்கத்தில் கச்சேரி தொடங்கியது.

"மாமா, இது என்ன மாமா?" சுருட்டையின் குரல்.

"மூக்கும்மா."

"அது தெரியுது. ஏன் இப்படிப் பாதியில திரும்புது?"

"இண்டிகேட்டர் போடாமத் திரும்பிடுச்சு."

"விளையாடாதீங்க மாமா. எனக்கு அழுகையா வருது. எங்க வீட்ல எல்லாருக்கும் நேரா இருக்கும். இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல."

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அழாதம்மா. முதல்ல இருட்டு. இடது பக்கம்."

"எந்த இடது? உங்க இடதா, என் இடதா?"

"வண்டியில உக்காந்திருக்கிறவன் இடது."

"மாடல் பேசக் கூடாது!" என்றார் தேர்வாளர், அறையின் அந்தக் கோடியிலிருந்து.

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் பக்கத்தில் ஒருத்தி தப்பான பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது சும்மா இருப்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. நாற்காலிக் கைப்பிடிக்கு வெளியே மெல்லக் கையை நீட்டினார். சாலை விதிப் புத்தகத்தில் இருக்கும் கை சைகைகளை அந்த வகுப்பில் சுருட்டை ஒருத்தி மட்டும்தான் போன மாதம் படித்திருந்தாள், லைசென்ஸ் எடுப்பதற்காக. உள்ளங்கை கீழே பார்த்து மேலும் கீழும் ஆடினால், வேகத்தைக் குறை. முழங்கை மடிந்து உயர்ந்தால், நில். கை வட்டம் போட்டால், இடப்பக்கம் போ. சுருட்டை அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துப் பிரஷ்ஷை ஓட்டினாள்.

அக்கா இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே கொதித்தது. யார் வீட்டு மூக்கு அது? இரண்டு மாதம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த வழியை, இந்த மனுஷன் கையைச் சுற்றிச் சுற்றி இலவசமாக வாரி இறைக்கிறாரே! அவர் மனது முழுக்கப் பக்கத்து நாற்காலியில் இருந்தது. கை மட்டும் இங்கே வேலை செய்துகொண்டிருந்தது. கைக்கு எல்லாம் மனப்பாடம். இடப்பக்கம் நிழல் கூடுதலாக, வலப்பக்கம் பேருக்கு, எலும்பைப் பார்க்காமல் ஒரு வெளிச்சக் கோடு. முடிந்தது. பவுடர்.

மேடம் கற்றுக்கொடுத்த ஒழுங்கு ஒன்று உண்டு. முகம் முடிந்ததும் மாடலின் பின்னால் போய் நின்று கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். எதிரில் நின்று பார்க்கும்போது கண் மன்னித்துவிடுகிற கோணல்களைக் கண்ணாடி திருப்பிப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா பின்னால் போய் நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

அழகான கண்கள். அழகான கன்னம். நடுவே, வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு மூக்கு.

சித்தியும் அதே கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் மெல்ல எழுந்து மூக்கைத் தொட்டு, அது பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்று சோதித்தது.

"என் மூக்குக்கு என்ன ஆச்சு?"

அக்காவின் வாய் தானாகத் திறந்தது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்."

"வருந்துறீங்களா? அது மூக்கும்மா! மெஷினா?"

"பேசக் கூடாது!" என்றது அந்தக் கோடி.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கை மாஸ்டரின் மூக்கைத் திருத்திவிட்டது. அந்த மூக்கு பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. கோணாத மூக்கைத் திருத்தியதால் அது கோணிவிட்டது. நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வலப்பக்கமும் அதே அளவு நிழல் போட்டுச் சமாளிக்கலாமா? போட்டால் மூக்கு கத்தி முனை மாதிரி ஆகிவிடும். மேலே இன்னும் பவுடரைக் கொட்டி மூடிவிட்டால்? தேர்வாளர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம், போகாமலும் இருக்கலாம். பாஸா, ஹெட்போனா என்பது இந்த ஒரு மூக்கில் வந்து நிற்கிறது.

சித்தி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போனால் கண்ணீர் வரும், கண்ணீர் வந்தால் கண்ணும் போய்விடும்.

அக்கா ஒரே விரலால் அவர் தாடையை நிமிர்த்தினார். பிறகு ஈரப் பஞ்சை எடுத்து மூக்கு முழுவதையும் துடைத்துவிட்டார். நிழல் போயிற்று, வெளிச்சம் போயிற்று, அடிப்பூச்சும் போயிற்று. மெல்லியதாக ஒரு பூச்சை மறுபடி ஒற்றி, சுற்றியிருந்த கன்னத்தோடு சேர்த்து முடிக்கும்போது தேர்வாளர் கையைத் தட்டினார். மூக்கு நேராக இருந்தது. ஆனால் வெறும் மூக்காக இருந்தது. கல்யாண வீட்டில் நைட்டியோடு நிற்கிற ஆள் மாதிரி.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். சித்தியின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கண்ணு நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"கோடு ஒரு இடத்துலகூட நடுங்கலையே. எங்க பழகினீங்க?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவருக்கு இமை துடிக்கும். துடிக்கிறதுக்கு நடுவுல போட்டுப் போட்டுப் பழகிடுச்சு."

"சரி. மூக்கு எங்க?"

அக்கா ஒரு மூச்சு விட்டார். "போட்டேன் மேடம். என் கை, எங்க வீட்டுக்காரர் மூக்கையே இவங்க மேல போட்டுடுச்சு. அதான் எடுத்துட்டேன்."

தேர்வாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். "அது யாரு உங்க வீட்டுக்காரர்?"

பக்கத்து நாற்காலியில் மாஸ்டர் கையைத் தூக்கினார். தேர்வாளர் அங்கே போய்க் குனிந்தார். மாஸ்டரின் மூக்கு பளிச்சென்று நேராக இருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அது கோணல் என்று நம்பினார்.

"இது பிரமாதமா வந்திருக்கேம்மா" என்றார் சுருட்டையிடம். "இந்த வகுப்பிலேயே நல்ல மூக்கு இதுதான். யார் சொல்லிக் குடுத்தா?"

சுருட்டை பொய் சொல்லிப் பழகாத பெண். காது வரை சிவந்துபோய், "மாமாதான் மேடம்" என்றாள். "கை காட்டினாரு."

"நான் பார்த்தேன். கைவலிக்கு ஏதோ பயிற்சி பண்றாருன்னு நினைச்சேன்." மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"பக்கத்துல ஒரு பிள்ளை ராங் சைடுல போனா என்னால உக்காந்து பார்த்துட்டு இருக்க முடியாதுங்க."

தேர்வாளரும் மேடமும் ஜன்னலோரம் போய் நின்று பேசினார்கள். பேச்சுக்கு நடுவே மேடம் இரண்டு முறை சிரிப்பை அடக்குவதற்காக வெளியே பார்த்தார். திரும்பி வந்து முடிவைச் சொன்னார்கள். அக்காவுக்கு மற்ற எல்லாவற்றிலும் தேர்ச்சி, கண்ணுக்கு முழு மதிப்பெண், மூக்கு மட்டும் மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். சுருட்டைக்கும் அதேதான், மூக்கு பிரமாதம், ஆனால் அது அவள் மூக்கு இல்லை. அந்தப் பயிற்சிப் பள்ளியில் மூக்குக்கென்று தனியாக மறுதேர்வு வைப்பது அதுதான் முதல் தடவை. சான்றிதழ் அதற்குப் பிறகுதான்.

"உங்க கைக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியுது" என்றார் தேர்வாளர் அக்காவிடம், கண்ணாடியைக் கழற்றியபடி. "அந்தக் கண்ணைப் பார்த்த அப்புறம் உங்களை பெயில் போட எனக்கு மனசில்ல. அந்த மூக்கைப் பார்த்த அப்புறம் பாஸ் போடவும் முடியல. வேற மூக்குங்களோட பழகிட்டு வாங்க."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் முகத்தைக் கழுவ மறந்திருந்தார். எதிர் சீட்டுக்காரர் அவரைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்.

"கோவமா?" என்றார் மாஸ்டர்.

"என்னை மட்டும் கவனிச்சிருக்கலாம்ல?"

"உன்னைக் கவனிக்க என்ன இருக்கு? நீ நல்லா ஓட்டுவன்னு எனக்குத் தெரியும்."

இரண்டு நிறுத்தம் கழித்து, அக்கா கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து அவர் உதட்டுச் சாயத்தை மட்டும் துடைத்துவிட்டார். மூக்கை விட்டுவிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஹெட்போனை மாட்டியதும் புதுத் தொல்லை ஒன்று ஆரம்பித்தது. யார் பேசினாலும் அவர்களுடைய மூக்கு எப்படி இருக்கும் என்றே மனது ஓடியது. ஒருவர் மெஷின் புகைவதாகக் கத்தினார். கூரான மூக்கு, நிச்சயம் நுனி சிவந்திருக்கும். ஒரு அம்மாள் ஜலதோஷக் குரலில் மூன்று நாளாக யாரும் வரவில்லை என்றார். "கொஞ்சம் பவுடர் ஒத்திக்கோங்க" என்று அக்காவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அன்று அவர் மன்னிப்புக் கேட்கத் தவறிய அழைப்புகள் நான்கு. அந்த மாடியில் அது பெரிய செய்தி.

"முழுசா பாஸ் இல்ல, முழுசா பெயிலும் இல்ல. அரைகுறை மூக்கை நம்பி வேலைய விடுவியா?" என்றாள் மகள் வியாழக்கிழமை சாயங்காலம். கணக்கியல் படிக்கிறவளின் கேள்வி அது, நியாயமும் இருந்தது. மாஸ்டர் வழக்கமாக நடுவில் ஒரு வார்த்தை போடுகிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் சைகையும் காட்டவில்லை.

"மறுதேர்வுலயும் கை பழைய இடத்துக்கே போச்சுன்னா?" என்றாள் மகள் மறுபடி.

"போகும்டி. நான் இழுத்துப் பிடிப்பேன்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறைக்குப் போனார். அவர் டிராயரைத் திறந்து காகிதத்தை மேசை மேல் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க, கிழிச்சிடவா, அனுப்பவா?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால் மூக்கை இப்போதுதான் பார்த்தார். அகலமான, தாழ்ந்த, நுனியில் உருண்டு நிற்கும் மூக்கு. மாஸ்டர் மூக்குக்கும் சித்தி மூக்குக்கும் சம்பந்தமே இல்லாத மூக்கு. இரண்டு பக்கமும் நிழல் எவ்வளவு போக வேண்டும், வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்று அவருடைய கை மடியிலேயே அளந்துகொண்டிருந்தது.

"அனுப்பிடுங்க சார்."

"பாஸாயிட்டீங்களா?"

"மூக்கு மட்டும் பாக்கி."

மேலாளருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"வேற ஏதாவது?"

"சார், நாளைக்கு லீவுதானே? ஒரு அரை மணி நேரம் எங்க வீட்டு ஜன்னல்கிட்ட உட்கார முடியுமா? முகம் கழுவிட்டு வந்தாப் போதும்."

அவர் வந்தார். மாத முடிவில் அக்கா ஹெட்போனை அலுவலகத்தில் ஒப்படைத்தார். மூக்குக்கான மறுதேர்வு அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை பத்து மணிக்கு.